சோறு அறையில், குழம்பு மெஸ்ஸில்: புதுச்சேரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

புதுச்சேரிக்கு ஊர் சுற்ற வருபவர்கள் எங்கே சாப்பிடலாம் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இது அவர்களுக்கல்ல. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர், சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கம் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர், அப்பாவின் சிகிச்சைக்காக ஜிப்மர் அருகே கோரிமேட்டில் மாத வாடகைக்கு அறை எடுத்தவர், கடலூர் சிப்காட்டில் வேலை கிடைத்துப் பெட்டியோடு வந்து இறங்கியவர், இப்படி மூன்று மாதமோ ஆறு மாதமோ இங்கே இருந்துவிட்டுப் போகப் போகிறவர்களுக்கு.

இவர்களில் பெரும்பாலோர் இரண்டு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். மூன்று வேளையும் கடை என்பது முதல் வழி. காலையில் டீயும் பன்னும், மதியம் பிரியாணி, இரவு பரோட்டா. இருபதாம் தேதிக்குள் கை காய்ந்துவிடும்; வயிறு அதற்கு முன்பே எரிய ஆரம்பித்திருக்கும். மற்ற வழி, வந்த வேகத்தில் மிக்ஸி வரை வாங்கிப் போட்டு முழுச் சமையலில் இறங்குவது. இரண்டாம் வாரம் அந்த மிக்ஸி கட்டிலுக்கடியில் போய்விடும், ஆள் பரோட்டாக் கடைக்கே திரும்பிவிடுவார்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. சோறு, முட்டை, பயறு, கீரை இவற்றை அறையில் செய்துகொள்ளுங்கள். விலையும் குறைவு, வேலையும் குறைவு. சாம்பார், காரக்குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாம் மெஸ்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஆளுக்குச் சாம்பார் வைப்பது கட்டுப்படியாகாத வேலை. கால் முருங்கைக்காயை யாரும் விற்பதில்லை, மீந்த குழம்பை வைக்க அறையில் ஃபிரிட்ஜும் இருக்காது.

அறை பேசும்போதே கேட்க வேண்டியவை

வாடகை, அட்வான்ஸ் பேசும்போதே சமையலையும் பேசி முடித்துவிடுங்கள். "சமைக்கலாமா?" என்று மொத்தையாகக் கேட்டால் "பார்த்துக்கலாம் தம்பி" என்றுதான் பதில் வரும். ரைஸ் குக்கர் வைக்கலாமா, இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கலாமா, முட்டை, மீன் உண்டா என்று பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். முட்டைக்குச் சரி சொல்லி மீனுக்கு முகம் சுளிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. பிறகு மாடிப்படியில் வாசனைக்காகச் சண்டை போடுவதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது கரண்ட். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே தனியாகக் கணக்குப் போட்டு வாங்குவது இங்கே சகஜம். அந்த விலையைக் கேட்டுக்கொண்டு கணக்குப் பாருங்கள். 700 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 0.35 யூனிட். தினம் ஒரு முறை சோறு வைத்தால் மாதம் பத்து, பதினோரு யூனிட். இந்தச் செலவு யாரையும் சாய்த்துவிடாது. அறைக்கு அறை வித்தியாசப்படுவது பிளக் பாயிண்ட்தான். 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். சுவரில் செல்போன் சார்ஜர் போடும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. அதில் மாற்று பின் போட்டுக் கெட்டிலையோ இண்டக்‌ஷனையோ சொருகினால் ஒரு மாதத்தில் சாக்கெட் கருகும், பழி உங்கள் மேல் விழும். பெரிய துளை உள்ள 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றாவது இருக்கிற அறையாகப் பாருங்கள். 400, 700 வாட் குக்கருக்குச் சின்ன சாக்கெட் தாராளம்.

பிறகு தண்ணீர். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் கரிக்கும். குளிக்க, பாத்திரம் கழுவ அதுவே போதும். ஆனால் அதில் பருப்பு வேக வைத்துப் பாருங்கள், ஒரு மணி நேரமானாலும் நெற்று நெற்றாகவே கிடக்கும். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடுவதுதான் காரணம். குக்கர் சரியில்லை, பருப்பு பழசு என்று புதிதாக வந்தவர்கள் மளிகைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஊற வைக்கவும் வேக வைக்கவும் 20 லிட்டர் கேன் தண்ணீரை எடுத்துக்கொண்டால் தகராறு தீர்ந்தது. கேனுக்கு முன்பணம் வாங்குவார்கள். யாரிடம், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று போனில் குறித்து வையுங்கள்.

வாங்க வேண்டிய பாத்திரங்கள்

ஒரு ஆளுக்கு ஒரு லிட்டர் எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் போதும். இரண்டு பேர் சேர்ந்து சமைப்பதாக இருந்தால் 1.8 லிட்டர். அதோடு ஒரு கத்தி, ஒரு கரண்டி, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாக்கள் நாலைந்து, ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டு தூக்கு. முதல் மாதத்துக்கு இவ்வளவுதான். கெட்டில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டில் சில்லறைச் சாமான்கள் மலிவாகக் கிடைக்கும். கரண்டில் ஓடும் எதையும் மட்டும் பில்லும் வாரண்டியும் தரும் கடையில் வாங்குங்கள்.

தூக்கு இரண்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மெஸ்ஸில் குழம்பைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்கினால் கவர் அளவுக்குத்தான் வரும், கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக்கில் ஊற்றுவது உடம்புக்கும் ஆகாது. தூக்கை நீட்டிப் பாருங்கள். ஊற்றுகிற அக்காவின் கை தானாகவே இன்னொரு கரண்டி சாயும்.

இண்டக்‌ஷன் வேண்டுமா என்பதை ஒரு மாதம் கழித்து முடிவு செய்யுங்கள். தோசை மாவு பாக்கெட் வாங்கி ஊற்றும் பழக்கம் வந்துவிட்டால் வாங்கலாம். கேஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் இருக்கிறது. இண்டேனில் சோட்டு என்று விற்கிறார்கள். முகவரிச் சான்று கேட்கமாட்டார்கள், ஓர் அடையாள அட்டை போதும். பெரிய இணைப்புக்கு வாடகை ஒப்பந்தம், அது இது என்று அலைய நேரமில்லாதவர்களுக்கு ஏற்றது. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் வீட்டு சிலிண்டரைவிட விலை கூடுதல்தான். சிலிண்டரைக் கட்டில் பக்கத்தில் வைக்கும் அளவுக்கு அறை சின்னதாக இருந்தால் கேஸே வேண்டாம்.

மெஸ் பிடிப்பது

கல்லூரி, ஆஸ்பத்திரி, தொழிற்பேட்டை இருக்கும் இடங்களில் வீட்டோடு நடத்தும் மெஸ்கள் நாலைந்தாவது இருக்கும். போர்டு இருக்காது, பக்கத்து அறைக்காரர்தான் வழி சொல்ல வேண்டும். மாதப் பணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். முதல் வாரம் தினக் கணக்கில் சாப்பிடுங்கள். அந்த வாரத்தில் பார்க்க வேண்டியவை: எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்கிறதா, சோறு சோடா போட்ட சோறு போலக் குழைந்து மஞ்சளாக இருக்கிறதா, பொரியல் தினம் முட்டைக்கோஸ்தானா, சாப்பிட்ட இரண்டாவது மணி நேரத்தில் புளித்த ஏப்பம் வருகிறதா. முட்டைக்கோஸை மன்னித்துவிடலாம். எண்ணெய் மோசமாக இருந்தால் மெஸ்ஸை மாற்றுங்கள்.

சோறு இல்லாமல் குழம்பு, ரசம், பொரியல் மட்டும் தருவீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள், முழுச் சாப்பாட்டு விலையைவிடக் குறைவாகவே வாங்குவார்கள். முழுச் சாப்பாடு பார்சல் வாங்கினால் அந்தச் சோற்றில் பாதியைத்தான் ஒரு ஆள் சாப்பிட முடியும். மீதி குப்பைக்குப் போகும். குழம்பும் ரசமும் மத்தியானமே வாங்கி வந்துவிட்டால் ரசம் இரவுக்கும் ஆகும். சாம்பார் அப்படி நிற்காது. இங்கத்திய வெயிலில் மத்தியானச் சாம்பார் ராத்திரிக்குள் நுரைத்துவிடும். வத்தக்குழம்பு, புளிக்குழம்பு போடும் நாளில் கொஞ்சம் கூட வாங்கிக்கொள்ளுங்கள். புளியும் எண்ணெயும் இருப்பதால் மறுவேளைக்குத் தாங்கும். ராத்திரி ஒரு கொதி விட்டால் இன்னும் நல்லது.

மார்க்கெட்

குபேர் அங்காடி என்று பெயர். ஆட்டோக்காரரிடம் பெரிய மார்க்கெட் என்று சொன்னால் நேரு வீதிப் பக்கம் இறக்கிவிடுவார். வாரம் ஒரு முறை காலையில் போனால் போதும். மளிகையைத் தெருக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். காய், பழம், மீனுக்குத்தான் மார்க்கெட். வில்லியனூர்ப் பக்கம் தாண்டித் தங்கியிருப்பவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை கூடும் மதகடிப்பட்டுச் சந்தை வசதி.

ஒற்றை ஆளாகக் காய் வாங்கும்போது கிலோ கணக்கை மறந்துவிடுங்கள். இரண்டு கேரட், ஒரு பீர்க்கங்காய், நாலு கத்தரிக்காய், இரண்டு தக்காளி என்று எண்ணி வாங்குங்கள். முகம் சுளிக்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆயாக்கள் எண்ணிக் கொடுப்பதற்கு அலுத்துக்கொள்வதில்லை. முதல் நாலு நாளுக்குள் கெடுகிற காய் (கீரை, வெண்டை, கத்தரி), பின் நாலு நாளுக்குக் கெடாத காய் (உருளை, கேரட், சேப்பங்கிழங்கு, வாழைக்காய்; நறுக்கிய பூசணிக்கீற்று இதில் சேராது) என்று பாதிப் பாதியாக எடுத்தால் எதுவும் வீணாகாது.

மீனைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். வஞ்சிரம், வவ்வால் பக்கம் போக வேண்டாம். அவை டூரிஸ்ட் ஓட்டல்களுக்கு. மத்தி, கவலை, நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி, இவைதான் நம் கணக்குக்கு வரும். சின்ன மீன் என்று இளக்காரமாகப் பார்க்காதீர்கள். மத்தியில் நூறு கிராமுக்கு 20 கிராம் அளவுக்குப் புரதம், இதயத்துக்கு நல்ல கொழுப்பு. நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியம் தனியாகத் தேட வேண்டாம். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழிந்திருந்தால் பழசு. வயிற்றை விரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது. "ஆய்ஞ்சு குடுத்துடுங்கக்கா" என்று சொல்லிக் கையில் கொஞ்சம் காசு வைத்தால் அங்கேயே செதில், குடல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அறையில் நாற்றமும் இல்லை, பூனையும் வராது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகா. சின்னப் படகுகள் கொண்டுவருவதுதான் மார்க்கெட்டில் இருக்கும், விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதமும் முட்டையையும் பயறையும் நம்புங்கள். அதே நேரம் பண்ருட்டிப் பலாச் சீசன் என்பதால் சாலையோரம் சுளை சுளையாகப் பிரித்து விற்பார்கள்.

அலமாரியில் இருக்க வேண்டியவை

மதியம் மெஸ், காலையும் இரவும் அறை என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு ஒரு மாதத்துக்குத் தோராயமாக இவ்வளவு ஆகும்: புழுங்கல் அரிசி 5 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு கலந்து 1 கிலோ, பச்சை வேர்க்கடலைப் பருப்பு 1 கிலோ, அவல் ஒரு கிலோ, எண்ணெய் அரை லிட்டர், முட்டை நாற்பது, வெங்காயம் 2 கிலோ, புளி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகு, சீரகம். அரை லிட்டர் எண்ணெய்க்கு மேல் ஆகிறது என்றால் எங்கோ பஜ்ஜி சுடுகிறீர்கள்.

துவரம்பருப்பை வாங்கச் சொல்லாததற்கு, அது பிரஷர் இல்லாத குக்கரில் லேசில் வேகாது என்பதே காரணம். பாசிப்பருப்பு அரிசியோடு சேர்ந்து வெந்துவிடும்.

இன்னொன்று, மளிகைக் கடையில் கேட்டு வடகம் இரண்டு உருண்டை வாங்கி வையுங்கள். வற்றல், வடாம் அல்ல. சின்ன வெங்காயம், உளுந்து, கடுகு, வெந்தயம், பூண்டு எல்லாம் இடித்து விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காய வைத்த தாளிப்பு வடகம். இந்தப் பக்கத்துச் சமையலின் உயிரே அதில்தான் இருக்கிறது. பாதி உருண்டையை உதிர்த்துச் சூடான எண்ணெயில் போட்டால் வெங்காயம் நறுக்க வேண்டாம், கடுகு தேட வேண்டாம். கீரையோ பருப்போ மீன் குழம்போ, எதில் கொட்டினாலும் வீட்டு மணம் வந்துவிடும்.

உடம்புக்குப் போதுமா என்ற கேள்விக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். கால் கிலோ அரிசிச் சோற்றிலேயே 18 கிராம் பக்கம் வந்துவிடும். இரண்டு முட்டைக்கு 12. நாற்பது கிராம் பருப்புக்கு 9. ஒரு பிடி வேர்க்கடலைக்கு 7. ஒரு பெரிய டம்ளர் பாலோ தயிரோ 6. ஐம்பதைத் தாண்டிவிட்டது, டப்பாவில் விற்கும் புரோட்டீன் பவுடர் எதுவும் தேவைப்படவில்லை. பாலுக்கும் தயிருக்கும் புதுச்சேரி எல்லைக்குள் பாண்லே பூத், கடலூர்ப் பக்கம் போனால் ஆவின். தட்டில் வழக்கமாகக் குறைவது காயும் பழமும்தான். நாளுக்கு 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெஸ் பொரியல் ஐம்பது கிராம்கூட இருக்காது. மீதியைக் கீரையிலும் வாழைப்பழத்திலும் கொய்யாவிலும் நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

குக்கரில் என்ன செய்வது

முதல் வாரம் இது ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். அரை டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, கழுவி இருபது நிமிடம் ஊறட்டும். குக்கரில் போட்டு மூன்று டம்ளர் தண்ணீர், ஒரு தக்காளி, நறுக்கிய கேரட் அல்லது பீர்க்கங்காய், இரண்டு பல் பூண்டு, அரை ஸ்பூன் சீரகம், மஞ்சள்தூள், உப்பு, நாலு சொட்டு எண்ணெய். பருப்பு நுரைத்துப் பொங்கும். எண்ணெய் அதை அடக்கும், மூடியையும் லேசாகச் சாய்த்து வையுங்கள். குக்கர் சூடு காக்கும் நிலைக்கு மாறியதும் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கரண்டியால் மசித்துக் கொஞ்சம் மிளகைத் தட்டிப் போட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது. தண்ணீர் வற்றும் தருவாயில் ஒரு கட்டு அரைக்கீரையோ ஒரு கை முருங்கைக்கீரையோ சேர்த்தால் கீரைச் சாதம். கீரை ஆய்வதுதான் எல்லோரும் பின்வாங்கும் இடம். வீட்டுக்குப் போனில் பேசுகிற அரை மணி நேரத்தில் ஒரு கட்டு ஆய்ந்துவிடலாம்.

முட்டை வேக வைக்கத் தனி அடுப்பு வேண்டாம். சோறு வேகும்போதே குக்கரின் மேல் தட்டில், நன்றாகக் கழுவிய முட்டையை வைத்துவிடுங்கள். கெட்டிலில் செய்வதானால் முட்டை மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கொதித்து அணைந்த பிறகு மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் விட வேண்டும். கெட்டிலில் பால் காய்ச்சாதீர்கள், நூடுல்ஸும் வேண்டாம். அடி பிடித்தால் அதோடு கெட்டில் போச்சு.

ராத்திரி மீந்த சோறு வெறுமனே குக்கரில் கிடக்கக் கூடாது. ஈரச் சோற்றை வெதுவெதுப்பிலேயே விட்டால் அதில் வளரும் கிருமி வாந்தி பேதிக்குக் கொண்டுபோய்விடும், மறுபடி சூடு செய்தாலும் அதன் நஞ்சு போகாது. சோறு ஆறியதும் சுத்தமான தண்ணீர் மூழ்க ஊற்றி மூடி வையுங்கள். காலையில் உப்பு, கொஞ்சம் தயிர், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். வேர்க்கடலைத் துவையல் இருந்தால் இன்னும் பிரமாதம். சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்கே வியர்க்கும் இந்த ஊரில் இட்லியைவிடப் பழைய சோறே வயிற்றுக்கு இதம். அன்று காலையோடு தீர்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு நீட்டக் கூடாது.

பயறுக்கு வேலையே இல்லை. படுக்கும் முன் ஒரு பிடி ஊற வைத்தால் காலையில் குக்கரில் அரை மணி நேரம். கொண்டைக்கடலை மட்டும் பத்து மணி நேரமாவது ஊறிய பிறகும் அதிக நேரம் எடுக்கும். அதைப் பிரஷர் குக்கர் உள்ளவரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பச்சைப்பயறை ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் இங்கத்திய புழுக்கத்துக்கு மறுநாளே முளை விட்டிருக்கும். துணி பிசுபிசுத்து வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அவசரக் காலைக்கு அவல். கழுவிப் பத்து நிமிடம் வைத்துத் தயிரும் உப்பும் போட்டு ஒரு வாய், வெல்லமும் வாழைப்பழமும் போட்டு ஒரு வாய். சோம்பல் வந்த நாளில் தெருமுனை பேக்கரி ரொட்டியை இரண்டாகப் பிளந்து அவித்த முட்டையை நசுக்கி வைத்து மிளகு தூவிச் சாப்பிடலாம். நீளமான மொறுமொறு ரொட்டி புதுச்சேரியின் பழைய வழக்கம், வெண்ணெய் பிஸ்கட்டைவிட எவ்வளவோ மேல். வெயில் காலத்தில் வண்டியில் விற்கும் கேழ்வரகுக் கூழையும் கம்பங்கூழையும் தாராளமாகக் குடிக்கலாம், கூழில் கலக்கும் தண்ணீர் கேன் தண்ணீர்தானா என்று பார்த்துக்கொண்டு.

ஃபிரிட்ஜ் இல்லாத அறை

கடல் காற்றில் உப்பு நீர்த்துப் போகும், பிஸ்கட் நமத்துப் போகும், அரிசியில் வண்டு விழும். அரிசி டப்பாவில் நாலைந்து காய்ந்த மிளகாயோ ஒரு கொத்துக் காய்ந்த வேப்பிலையோ போடுங்கள். ரவை, மைதா, கோதுமை மாவை அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். தயிரைச் சின்னப் பாக்கெட்டாக அன்றன்றைக்கு. தக்காளியைக் கழுவாமல், காம்பு கீழே பார்க்க வையுங்கள். கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் ஈரமில்லாமல் காகிதத்தில் சுற்றி வைத்தால் நாலு நாள் தாங்கும். தேங்காய் மூடியை வாங்கினால் அன்றே தீர்க்க வேண்டும். அதனால் வாங்காமலிருப்பதே நல்லது, அந்த இடத்துக்கு வேர்க்கடலை.

ஊரிலிருந்து திரும்பும்போது அம்மா கட்டிக் கொடுக்கும் ஊறுகாய் பாட்டில்களில் ஒன்றைக் குறைத்து, பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கேளுங்கள். ஊறுகாய் உப்பு, பருப்புப் பொடி சாப்பாடு.

மழை

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை தங்கியிருப்பவர்கள் இதை முன்பே செய்து வைக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். இண்டக்‌ஷனையும் குக்கரையும் மட்டும் நம்பியிருப்பவருக்கு அன்று எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மூன்று நாளைக்கு அடுப்பில்லாமல் சாப்பிடக் கூடியதைத் தனி டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். அவல், பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம், ரொட்டி, இரண்டு கேன் தண்ணீர். புயல் எச்சரிக்கை வந்த அன்று கடையில் முதலில் தீர்வது பாலும் ரொட்டியும் மெழுகுவர்த்தியும்.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்

ஜிப்மரில் நோயாளியோடு வந்து தங்குபவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. நேரம் நம் கையில் இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட மருந்து வாங்க ஓட வேண்டியிருக்கும். இவர்களுக்குக் கெட்டிலும் ஒரு ஃபிளாஸ்கும் போதும். காலையில் இரண்டு முட்டையும் பழமும், ஒரு வேளை மெஸ், பையில் எப்போதும் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. நோயாளியைப் பார்க்கிறவர் சாப்பிடாமல் டீயிலேயே நாளை ஓட்டுவதுதான் அங்கே தினம் நடக்கிறது. மூன்றாம் நாள் அவரே ஓ.பி. வரிசையில் நிற்பார். வெளியில் வாங்கிய எதையும் டாக்டரைக் கேட்காமல் நோயாளிக்குக் கொடுக்க வேண்டாம். உப்பு, சர்க்கரை, தண்ணீர் அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கலாம்.

கடலூர்ப் பக்கம் தங்குபவர்கள்

மேலே சொன்னது அத்தனையும் அங்கும் செல்லும். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் மெஸ் தேடுங்கள். மீனுக்கு முதுநகர் துறைமுகம். விடிகாலையில் போனால் படகிலிருந்து இறங்கியதை வாங்கலாம். தமிழ்நாட்டு ரேஷன் கார்டில் பெயர் இருந்தால், மாநிலத்துக்குள் வேறு ஊர்க் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்க வழி இருக்கிறது; புலம்பெயர்ந்து வேலைக்கு வந்தவர்கள் பலர் இதைக் கேட்டே பார்ப்பதில்லை. அம்மா உணவகம் தமிழ்நாட்டுத் திட்டம், 2013இல் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கியது. எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குள் அதைத் தேடாதீர்கள்.

கையில் காசே இல்லாத நாள் வரத்தான் செய்யும். கடலூர் மாவட்டத்தில் வடலூர் இருக்கிறது. வள்ளலார் 1867இல் சத்திய தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. யார், எந்த ஊர் என்று கேட்காமல் சாப்பாடு போடுகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. சம்பளம் வந்த பிறகு ஒரு படி அரிசி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

காலி செய்யும் மாதம்

கடைசி மாதம் புதிதாக மளிகை வாங்க வேண்டாம், இருப்பதைத் தீருங்கள். மெஸ்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி மாதக் கணக்கைத் தினக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் கேன் முன்பணத்தைக் கடைசி நாள் கேட்டால் முதலாளி ஊரில் இல்லை என்பார்கள், அதையும் அந்த வாரமே வாங்கிவிடுங்கள். 5 கிலோ சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தால் ஏஜென்சியில் ஒரு தொகை திரும்பத் தருவார்கள், பில் கையில் இருக்கட்டும். குக்கரையும் தூக்குகளையும் உங்கள் அறைக்கு அடுத்து வருகிறவருக்குப் பாதி விலைக்குப் பேசிவிடலாம்; எந்த மெஸ்ஸில் எண்ணெய் நல்லது என்பதைச் சேர்த்துச் சொன்னால் பேரம் பேசமாட்டார்.